வாங்கவும் ஆளில்லை, சும்மா கொடுத்தாலும் எடுப்பாரில்லை: டைம்ஷேர் விடுமுறை வாரத்திலிருந்து வெளியேறுவது எப்படி?

சிரம்பான்: "ஒருமுறை பணம் கட்டுங்கள், காலமெல்லாம் விடுமுறை" என்று சொல்லி விற்கப்பட்டது டைம்ஷேர். நம் வட்டாரத்தில் அதை வாங்கிய பலர் இன்று ஓய்வுபெற்ற வயதில் இருக்கிறார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். முழங்கால் வலியோடு கடற்கரை விடுதிக்குப் போக ஆசையும் குறைந்துவிட்டது. ஆனால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டண ரசீது மட்டும் தவறாமல் வருகிறது.

விற்றுவிடலாம் என்று பார்த்தால் வாங்க ஆளில்லை. யாருக்காவது சும்மா கொடுத்துவிடலாம் என்றால் எடுத்துக்கொள்ள யாரும் முன்வருவதில்லை. இது ஏன், சட்டம் என்ன சொல்கிறது, வெளியேற என்ன வழி என்பதை இங்கே தொகுத்திருக்கிறோம். ஒவ்வோர் ஒப்பந்தமும் வேறுபடும் என்பதால், இறுதி முடிவெடுக்கும் முன் உங்கள் ஆவணத்தை ஒரு வழக்கறிஞரிடமோ சட்ட உதவி அதிகாரியிடமோ காட்டிவிடுங்கள்.

டைம்ஷேர் என்றால் என்ன?

ஒரு விடுதி அறையை ஆண்டின் 52 வாரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வாரத்தையும் ஒருவருக்கு விற்பதுதான் டைம்ஷேர். 1963இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஹாப்பிமாக் நிறுவனம் இதன் முன்னோடிகளில் ஒன்று. 1974இல் அமெரிக்காவில் ஆர்சிஐ நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு, தன் வாரத்தை வேறு நாட்டு விடுதியின் வாரத்தோடு மாற்றிக்கொள்ளும் முறை பரவியது. "போர்ட்டிக்சனில் வாங்கினால் ஆஸ்திரேலியாவிலும் தங்கலாம்" என்ற பேச்சுக்கு அடிப்படை இந்த மாற்று முறைதான்.

மலேசியாவில் விற்கப்பட்டவை பெரும்பாலும் பயன்படுத்தும் உரிமை மட்டுமே. அறையின் பட்டாவில் உங்கள் பெயர் இருக்காது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை, ஆண்டுக்கு இத்தனை இரவு தங்கலாம் என்ற உறுப்பினர் உரிமை அது. அதற்கு ஈடாக ஒவ்வோர் ஆண்டும் பராமரிப்புக் கட்டணம் செலுத்துவதாக நீங்கள் கையெழுத்திட்டிருப்பீர்கள்.

எல்லாக் குழப்பத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது. வாங்கும்போது அதை ஒரு சொத்து என்று நினைத்தோம். உண்மையில் அது ஓர் உரிமையும் ஒரு கடமையும் சேர்ந்த ஒப்பந்தம். உரிமையை நாம் பயன்படுத்தாமல் விடலாம். கடமை தானாக நீங்காது.

இந்த வட்டாரத்தில் ஏன் இத்தனை பேர்?

சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சன் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். 1990களில் அந்தக் கடற்கரை நெடுகிலும் அடுக்குமாடி விடுதிகள் எழுந்தன. 1997 நிதி நெருக்கடியில் சில திட்டங்கள் பாதியில் நின்றதை லுக்குட், தெலுக் கெமாங் பக்கம் போனவர்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

அதே காலத்தில்தான் நீலாய் போன்ற பகுதிகளில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீடமைப்பு நிலங்களாக மாறின. லயத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த குடும்பங்களின் கையில் சில நேரம் இழப்பீட்டுப் பணம் இருந்தது. 55 வயதை எட்டியவர்களிடம் ஊழியர் சேமநிதிப் பணம் இருந்தது. ஆயுசுக்கும் தோட்டத்தை விட்டு வெளியே தங்கியிராத ஒருவருக்கு, "உங்கள் குடும்பத்துக்கும் ஒரு கடற்கரை விடுதி" என்ற சொல் எவ்வளவு இனித்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பேரங்காடியில் பரிசுக் கூப்பன், இலவச இரவு விருந்து, இரண்டு மணி நேரப் பேச்சு, அன்றே கையெழுத்திட்டால் தள்ளுபடி என்பது உலகெங்கும் டைம்ஷேர் விற்கப்பட்ட முறை.

வாங்கியவர்களை அறிவிலிகள் என்று சொல்வதில் நியாயமில்லை. சில குடும்பங்கள் பல ஆண்டுகள் அதை நன்றாகவே பயன்படுத்தின. சிக்கல், பயன்பாடு முடிந்த பிறகு வருகிறது.

ஏன் விலை போவதில்லை?

நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, நீங்கள் கொடுத்த விலையில் பெரும்பகுதி அறைக்கான விலையே அல்ல. விருந்து, பரிசு, விளம்பரம், விற்பனையாளரின் கமிஷன் எல்லாம் அதில் அடங்கும். அந்தப் பங்கு கையெழுத்திட்ட அன்றே செலவாகிவிட்டது. இரண்டாவது முறை வாங்குபவர் அதற்குப் பணம் தரமாட்டார்.

இரண்டாவது, காலம் கரைகிறது. 30 ஆண்டு ஒப்பந்தத்தில் 22 ஆண்டு முடிந்திருந்தால், விற்பதற்கு மீதமிருப்பது 8 ஆண்டுதான்.

மூன்றாவது, கட்டணம். ஒரு கணக்குக்காக, ஆண்டுக் கட்டணம் 800 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 10 ஆண்டு மீதமிருந்தால் வாங்குபவர் ஏற்கும் சுமை 8,000 வெள்ளி. கட்டணம் உயர்ந்தால் அதற்கும் மேல். இன்று கைப்பேசியில் தேடினால், வேண்டிய நாளில் வேண்டிய ஊரில் அறை கிடைக்கிறது. உறுப்பினராக வேண்டிய அவசியமில்லை. அப்படியிருக்க, பத்து ஆண்டுக் கடமையை யார் விலை கொடுத்து வாங்குவார்?

நான்காவது, எல்லா வாரமும் ஒன்றல்ல. மாற்று முறையில் வாரங்களைச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று தரம் பிரிப்பார்கள். சிவப்பு என்பது பள்ளி விடுமுறை போன்ற கிராக்கியான காலம். நீலம் என்பது ஆள் வராத காலம். குறைந்த விலைக்குக் கிடைத்தது என்று வாங்கியவை பல நேரம் கிராக்கியில்லாத வாரங்களாக இருக்கும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. அமெரிக்காவில் பல்லாயிரம் டாலருக்கு வாங்கிய வாரங்கள் இணைய ஏலத்தில் 1 டாலருக்கு வைக்கப்படுகின்றன. அந்த விலைக்கும் சிலவற்றை எடுக்க ஆள் வருவதில்லை.

சும்மா கொடுத்தாலும் ஏன் முடியவில்லை?

பழைய நாற்காலியைக் கொடுப்பது போல ஓர் ஒப்பந்தத்தைக் கொடுத்துவிட முடியாது. ஒப்பந்தத்தால் வரும் நன்மையை மற்றவருக்கு மாற்றலாம். அதிலுள்ள கடமையை, எதிர்த் தரப்பின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. அதாவது நீங்கள், பெற்றுக்கொள்பவர், நிறுவனம் என்று மூன்று தரப்பும் ஒப்பவேண்டும். 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 63ஆவது பிரிவு இதற்கு இடம் தருகிறது. பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது ஒன்றை வைத்துக்கொள்ளத் தரப்பினர் இணங்கினால், பழையதை நிறைவேற்ற வேண்டியதில்லை என்பது அதன் சாரம்.

நடைமுறையில் நிறுவனங்கள் பொதுவாக மூன்று நிபந்தனைகள் வைக்கும்: பாக்கி முழுவதையும் தீர்க்கவேண்டும், பெயர் மாற்றக் கட்டணம் செலுத்தவேண்டும், புதியவர் எல்லா விதிகளையும் ஏற்றுக் கையெழுத்திட வேண்டும். பாக்கி சில ஆயிரம் வெள்ளி இருந்தால், கொடையாளரே கையிலிருந்து பணம் செலவழித்துத்தான் தானம் செய்ய முடியும்.

கோயிலுக்கோ தமிழ்ப்பள்ளிக்கோ எழுதி வைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தவேண்டிய ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஒரு கோயில் நிர்வாகம் என்ன செய்யும்? நன்கொடை என்ற பெயரில் கடனைக் கொடுப்பதாகவே அது முடியும். நல்லெண்ணத்தோடு கேட்டாலும், மறுக்கும் நிர்வாகத்தைக் குறை சொல்ல முடியாது.

நண்பர் ஒருவர் வாய்வார்த்தையாக "நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, உங்கள் அட்டையை வைத்துப் பயன்படுத்தினால் அதுவும் மாற்றம் ஆகாது. நிறுவனத்தின் பதிவில் உங்கள் பெயர் இருக்கும்வரை கட்டணத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

பிள்ளைகள் பெயருக்கு மாற்றலாமா?

இங்கேதான் மிகுந்த கவனம் தேவை. "அப்பா அம்மாவால் இனிப் பயன்படுத்த முடியாது, உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று நிறுவனமே சலுகைக் கட்டணத்தில் படிவம் தரலாம். பெற்றோரும், பிள்ளைக்கு ஏதோ விட்டுச் செல்கிறோம் என்ற நிறைவோடு அதைச் செய்வார்கள்.

படிவத்தில் பிள்ளை கையெழுத்திட்ட நொடியில் கடமை அவருக்கு மாறிவிடும். அவர் செனவாங்கில் வாடகை வீட்டில் இருந்தாலும் சிங்கப்பூரில் வேலை செய்தாலும் கட்டணம் அவரைத் தேடி வரும். ஆகவே பிள்ளை உண்மையிலேயே பயன்படுத்த விரும்புகிறாரா, மீதிக் காலம் எவ்வளவு, இதுவரை கட்டணம் எப்படி உயர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் உட்கார்ந்து பேசிய பிறகே கையெழுத்து போடவேண்டும். வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் அதைப் பெற்றோர் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பெற்றோர் இறந்துவிட்டால்?

"அப்பா பேரில் வந்த பில்லை நான் கட்ட வேண்டுமா?" என்பது பலருக்கும் எழும் கேள்வி. பொது விதி இதுதான்: இறந்தவரின் கடன் அவர் விட்டுச் சென்ற சொத்திலிருந்து தீர்க்கப்படும். வாரிசு தன் சொந்தச் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டியதில்லை. விதிவிலக்கு, வாரிசும் கூட்டு உறுப்பினராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால். கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்களில், ஒருவர் போன பின் மற்றவரின் பொறுப்பு தொடரும்.

ஆகவே, இறப்புக்குப் பின் வரும் முதல் பில்லுக்கே அவசரப்பட்டுப் பணம் கட்டவோ, "புதுப்பிப்பு" என்று சொல்லி நீட்டும் படிவத்தில் கையெழுத்திடவோ வேண்டாம். இறப்புச் சான்றிதழின் நகலோடு நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்புங்கள். உறுப்பினர் காலமாகிவிட்டார், வாரிசுகள் இந்த உறுப்பினர் உரிமையை ஏற்க விரும்பவில்லை, கணக்கை மூடவும் என்று எழுதுங்கள். வீடு, நிலம் போன்ற சொத்து இருந்தால், வாரிசுரிமை விண்ணப்பத்தின்போது இந்தப் பாக்கியையும் அதிகாரியிடமோ வழக்கறிஞரிடமோ மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சொத்தைப் பிரித்த பிறகு கடன் கோரிக்கை வந்தால்தான் தகராறு.

"வாங்க ஆள் தயார்" என்று அழைப்பு வந்தால்

விற்க முடியாமல் தவிப்பவர்களைக் குறிவைத்தே ஒரு தனி மோசடி நடக்கிறது. தொலைபேசியில் பேசுபவர் உங்கள் பெயர், விடுதி, வாரம் எல்லாம் சரியாகச் சொல்வார். வெளிநாட்டில் வாங்குபவர் தயாராக இருக்கிறார் என்பார். விலையும் நீங்கள் கொடுத்ததைவிட அதிகமாக இருக்கும். ஆனால் பதிவுக் கட்டணம், வரி, வழக்கறிஞர் கட்டணம் என்று ஏதோ ஒன்றை நீங்கள் முதலில் செலுத்தவேண்டும். செலுத்தியதும் இன்னொரு கட்டணம் முளைக்கும். கடைசியில் வாங்குபவரும் இல்லை, பேசியவரும் இல்லை.

இன்னொரு வகை, "பழையதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், ஆனால் நீங்கள் இந்தப் புதிய திட்டத்தில் சேரவேண்டும்" என்பது. பழைய கடமையிலிருந்து விடுபட வந்தவர் புதிய கடமையோடு வீடு திரும்புவார்.

நினைவில் வைக்கவேண்டிய விதி ஒன்றுதான்: விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவருக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2008ஆம் ஆண்டின் டைம்ஷேர் உத்தரவிலேயே, மறுவிற்பனை உண்மையில் நடந்து முடியும் முன் முகவர் பணம் வாங்குவதைத் தடை செய்தது. அந்த அளவுக்கு இது பழைய தந்திரம்.

பணம் அனுப்பிவிட்டதாக உணர்ந்தால் உடனே உங்கள் வங்கியையும் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையும் அழையுங்கள். பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள். பணம் அனுப்பும் முன், பெறுபவரின் வங்கிக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் சரிபார்க்கலாம். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இதைச் செய்துகொடுப்பது இளையவர்களின் பொறுப்பு.

வெளியேறும் வழி: படிப்படியாக

வாங்குபவரைத் தேடுவதில் காலத்தைச் செலவிடுவதைவிட, ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி நிறுவனத்தையே கேட்பதுதான் நடக்கக்கூடிய வழி. ஒப்பந்தச் சட்டத்தின் 64ஆவது பிரிவின்படி, தனக்கு வரவேண்டிய கடமையை ஒரு தரப்பு முழுவதுமாகவோ ஓரளவோ விட்டுக்கொடுக்கலாம். அதாவது நிறுவனம் நினைத்தால் உங்களை விடுவிக்க முடியும். அது கட்டாயம் அல்ல. ஆனால் இனிப் பணம் கட்ட இயலாத முதியவரைத் துரத்துவதைவிட, அந்த வாரத்தைத் திரும்பப் பெறுவது நிறுவனத்துக்கும் லாபமாக இருக்கலாம்.

ஒன்று: ஒப்பந்தத்தைக் கண்டுபிடியுங்கள். முதலில் பார்க்கவேண்டியது முடிவுத் தேதி. 1996இல் கையெழுத்திட்ட 30 ஆண்டு ஒப்பந்தம் 2026இல் முடிகிறது. ஓராண்டோ இரண்டாண்டோதான் மீதம் என்றால், அமைதியாகக் கட்டி முடிப்பதே மலிவாக இருக்கும். தானாகப் புதுப்பிக்கப்படும் என்ற விதி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆவணம் தொலைந்திருந்தால் நகல் கேட்டு எழுதுங்கள்.

இரண்டு: விலகல், ஒப்படைப்பு, பெயர் மாற்றம் பற்றிய விதிகளைப் படியுங்கள். பலரும் படிக்காமல் விடும் பக்கம் இது. புரியாவிட்டால் வாசிக்கத் தெரிந்த ஒருவரை வைத்து வரி வரியாகக் கேளுங்கள்.

மூன்று: கணக்கு விவரம் கேளுங்கள். அசல் பாக்கி எவ்வளவு, வட்டியும் அபராதமும் எவ்வளவு என்று தனித்தனியே எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சொல்லும் மொத்தத் தொகையை நம்பி எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நான்கு: ஒப்படைப்புக் கடிதம் எழுதுங்கள். உறுப்பினர் எண், வயது, ஓய்வு அல்லது நோய் போன்ற காரணம், மருத்துவ அறிக்கை இருந்தால் அதன் நகல் ஆகியவற்றைச் சேருங்கள். மீதிக் காலத்தை எந்தப் பணமும் கேட்காமல் திரும்ப ஒப்படைக்கத் தயார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். பாக்கி இருந்தால், அபராதத்தைத் தள்ளிவிட்டு அசலைத் தவணையில் பெறும்படி கேட்கலாம். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள்.

ஐந்து: விடுவிப்பை எழுத்தில் பெறுங்கள். "சரி, மூடிவிட்டோம்" என்ற வாய்ச்சொல் போதாது. உறுப்பினர் உரிமை இன்ன தேதியில் முடிந்தது, இனி இரு தரப்புக்கும் எந்தக் கோரிக்கையும் இல்லை என்று நிறுவனத்தின் கடிதத் தாளில் வரவேண்டும். அந்த ஒரு தாள்தான் உங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் விட்டுச் செல்லும் நிம்மதி.

ஆறு: பதில் வரும்வரை உரிமையை வீணாக்காதீர்கள். பாக்கி இல்லாதவர் வாரத்தைப் பயன்படுத்தலாம். விதி அனுமதித்தால் உறவினரைத் தங்கவைத்து அந்த ஆண்டின் கட்டணத்தையாவது பகிர்ந்துகொள்ளலாம்.

கடன் அட்டையிலோ வங்கிக் கடனிலோ வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைம்ஷேர் ஒப்பந்தம் முடிந்தாலும் வங்கிக் கடன் தனி. அதை நிறுத்தினால் உங்கள் கடன் பதிவு கெடும்.

யாரிடம் முறையிடுவது?

டைம்ஷேர் திட்டங்களைக் கண்காணிப்பது மலேசிய நிறுவனங்கள் ஆணையம், அதாவது எஸ்எஸ்எம். முன்பு 1965ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் இருந்த இந்தத் திட்டங்கள், 31 ஜனவரி 2017 முதல் அக்தா ஸ்கிம் கெப்பெந்திங்ஙான் 2016 என்ற தனிச் சட்டத்தின் கீழ் வந்தன. பதிவுபெற்ற திட்டத்துக்கு அறங்காவலர் நிறுவனம் ஒன்று இருக்கும். உறுப்பினர்களின் நலனைக் காப்பது அதன் வேலை. நிறுவனம் பதில் தராவிட்டால், கடித நகலை அறங்காவலருக்கும் எஸ்எஸ்எம்முக்கும் அனுப்புங்கள். உங்கள் திட்டம் பதிவில் இருக்கிறதா என்பதையும் எஸ்எஸ்எம்மிடம் கேட்டு அறியலாம்.

பணம் திரும்பக் கோருவதானால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 வெள்ளி மட்டுமே. 50,000 வெள்ளி வரை கோரலாம். பொதுவாக வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் சிரம்பான் அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். நடுவர் மன்றத்தின் தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றமாகும்.

இரண்டு வரம்புகளை மறக்கக் கூடாது. சிக்கல் எழுந்த 3 ஆண்டுக்குள் மனு செய்யவேண்டும். மேலும், 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நடப்புக்கு வந்த 15 நவம்பர் 1999க்கு முன் செய்த ஒப்பந்தங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. 1990களில் வாங்கியவர்கள் இந்தத் தேதியைக் கட்டாயம் பார்க்கவேண்டும். அவர்களுக்கு நீதிமன்றம்தான் வழி. 5,000 வெள்ளி வரையிலான கோரிக்கையைத் தனிநபர்கள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் வழக்கறிஞர் இன்றித் தொடுக்கலாம்.

பிந்திய ஒப்பந்தங்களுக்கு இன்னும் இரண்டு பாதுகாப்புகள் உண்டு. 2011 பிப்ரவரி முதல் நடப்பிலுள்ள பகுதி, நியாயமற்ற ஒப்பந்த விதிகளைக் கேள்வி கேட்க வழி செய்கிறது. 17ஆவது பிரிவு, தொடர்ந்து வழங்கப்படும் சேவைகளில் அமைச்சர் வரையறுப்பவற்றைப் பயனீட்டாளர் எழுத்து மூலம் ரத்து செய்ய இடம் தருகிறது. உங்கள் ஒப்பந்தம் அதில் அடங்குமா என்று அமைச்சு அலுவலகத்தில் கேளுங்கள்.

முறையீட்டுக்குச் சான்று வேண்டும். அறை கேட்டு "நிரம்பிவிட்டது" என்று மறுக்கப்பட்ட ஒவ்வொரு தேதியையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். "திருப்தியில்லை" என்று சொல்வதைவிட, மூன்றாண்டில் ஐந்து முறை கேட்டு ஐந்து முறையும் கிடைக்கவில்லை என்று காட்டுவது வலுவானது.

கட்டாமலே விட்டால் என்ன ஆகும்?

பலர் மனம் வெறுத்து இதைத்தான் செய்கிறார்கள். சில ஒப்பந்தங்களில், கட்டணம் நின்றால் நிறுவனம் உறுப்பினர் உரிமையை ரத்து செய்யலாம். ஆனால் அதுவரை சேர்ந்த பாக்கிக்கு வழக்குத் தொடுக்க அதற்கு உரிமை உண்டு. கடன் வசூலிப்பவரிடம் கணக்கை ஒப்படைக்கலாம். தனியார் கடன் தகவல் நிறுவனத்தில் உங்கள் பெயர் பதிவாகலாம். வீட்டுக் கடன் கேட்கும்போது அது தடையாக நிற்கும்.

அதே நேரம், தேவையற்ற பயமும் வேண்டாம். "பணம் கட்டாவிட்டால் திவாலாக்கிவிடுவோம்" என்று வசூலிப்பவர் மிரட்டினால், திவால் வழக்குக்குக் கடன் குறைந்தது 100,000 வெள்ளி இருக்கவேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். சில ஆயிரம் வெள்ளி பாக்கிக்காக யாரையும் திவாலாக்க முடியாது. பாக்கிக்காகப் போலீஸ் பிடித்துப் போகும் என்பதும் பொய். ஒப்பந்தப் பாக்கி சிவில் விவகாரம்.

ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடுக்க 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டம் 6 ஆண்டு தருகிறது. ஒவ்வோர் ஆண்டின் கட்டணத்துக்கும் இது தனித்தனியே கணக்காகும். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ, ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு மீண்டும் புதிதாகத் தொடங்கும். ஆகவே பத்தாண்டுப் பாக்கி என்று கடிதம் வந்தால், "50 வெள்ளியாவது இப்போதைக்குக் கட்டுங்கள்" என்ற பேச்சுக்கு இணங்கும் முன் சட்ட ஆலோசனை பெறுங்கள். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒதுக்கி வைக்காதீர்கள். போகாவிட்டால் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வந்துவிடும். வருமானம் குறைந்தவர்கள் சிரம்பானிலுள்ள சட்ட உதவித் துறையை நாடலாம்.

வேறு நாடுகளில் எப்படி?

சிங்கப்பூரில் டைம்ஷேர் வாங்கியவர், வேலை நாள் கணக்கில் 5 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஸ்பெயினில் 1999 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டம், ஒப்பந்தக் காலம் 50 ஆண்டைத் தாண்டக் கூடாது என்றது. காலவரம்பே இல்லாமல் விற்கப்பட்ட ஒப்பந்தம் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்தது. அதன் பிறகு ஆயிரக்கணக்கான ஐரோப்பிய முதியவர்களுக்கு வெளியேற வழி பிறந்தது.

இந்தியாவில் இந்தத் தொழிலின் பெரிய நிறுவனங்கள் சென்னையில்தான் வேரூன்றின. ஸ்டெர்லிங் 1986இலும் மஹிந்திரா ஹாலிடேஸ் 1996இலும் தொடங்கின. கொடைக்கானலும் ஊட்டியும் அங்கே பெயர்பெற்ற இடங்கள். அங்கே டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. தகராறுகள் பயனீட்டாளர் ஆணையங்களுக்குப் போகின்றன. அந்த வகையில், தனிச் சட்டமும் கண்காணிப்பு ஆணையமும் உள்ள மலேசியர்களுக்கு முறையிட ஒரு வாசல் கூடுதலாகவே இருக்கிறது. அதைத் தட்டுபவர்கள்தான் குறைவு.

இன்று செய்யக்கூடியது

வீட்டில் பழைய டைம்ஷேர் ஆவணம் இருந்தால் இந்த வாரமே எடுத்து, முடிவுத் தேதி, பாக்கி, யார் யார் கையெழுத்து என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அதைப் பிள்ளைகளுக்குத் தெரியும் இடத்தில் வையுங்கள். பணத்தை இழந்துவிட்டோம் என்ற வெட்கத்தில் பலர் இதைப் பிள்ளைகளிடம் மறைத்து, ஓய்வூதியத்திலிருந்தும் சேமிப்பிலிருந்தும் ஆண்டுதோறும் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். போட்ட பணம் திரும்பாது என்பதை ஒப்புக்கொள்வது கடினம்தான். ஆனால் இனிப் போகவிருக்கும் பணத்தை நிறுத்த முடியும். அதற்கு வாங்குபவர் தேவையில்லை. ஒரு கடிதமும் அதற்கு எழுத்தில் ஒரு பதிலும் போதும்.